றோயிங் மெஷினின் பேஸ்: எப்படி வாசிப்பது, எப்படிக் கணக்கிடுவது

ட்ரெட்மில்லில் ஏறுபவருக்கு அதன் திரை மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று சொல்கிறது; எண் கூடினால் வேகம் கூடியிருக்கிறது என்பது எவருக்கும் விளங்கும். துடுப்பு வலிப்பதுபோல் கைபிடியை இழுத்துப் பயிலும் றோயிங் மெஷினின் திரை வேகத்தை அந்த வழியில் சொல்வதில்லை. நீங்கள் இப்போது இழுக்கும் இழுப்பையே தொடர்ந்து இழுத்தால் 500 மீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் அது காட்டுகிறது. திரையில் 2:15 என்று தெரிந்தால் 500 மீற்றருக்கு 2 நிமிடம் 15 செக்கன் என்று பொருள். இதையே பேஸ் என்கிறோம்; படகோட்டப் பழக்கம் உள்ளவர்கள் ஸ்பிளிட் என்றும் சொல்வார்கள். இது நேரத்தைக் குறிக்கும் எண் என்பதால், எண் குறையக் குறைய வேகம் கூடுகிறது.

இந்தத் தலைகீழ் ஒழுங்குதான் புதியவர்களை முதலில் குழப்புகிறது. வெள்ளவத்தையில் உள்ள ஒரு ஜிம்மில், ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பக்கத்து மெஷினில் இருந்த இளைஞரிடம், "தம்பி, போன கிழமை 2:25 தான் வந்தது, இண்டைக்கு 2:40 எடுத்திட்டன்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். இளைஞர் சற்றுத் தயங்கிவிட்டு, "ஐயா, அது கூடினா நீங்கள் மெதுவாப் போறீங்கள் எண்டு அர்த்தம்" என்றார். ஐயா திரையை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, கைபிடியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஏன் 500 மீற்றர் என்று கேட்பவர்களுக்கு விடை படகோட்டப் போட்டியில் இருக்கிறது. சர்வதேசப் படகோட்டப் போட்டிகளின் வழமையான தூரம் 2000 மீற்றர். அதை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு 500 மீற்றருக்கும் எடுத்த நேரத்தைக் குறிப்பது நீண்டகால வழக்கம். 2028 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் தூரம் 1500 மீற்றராகக் குறைகிறது. அதுவும் 500 ஆல் சரியாகவே வகுபடும். 1864 இல் தொடங்கப்பட்ட கொழும்பு றோயிங் கழகம் பேர வாவியின் கரையில் இன்றும் இயங்குகிறது. அங்கே பயிலும் மாணவர் தண்ணீரில் பேசும் அளவுகோலும், உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம் மெஷின் பேசும் அளவுகோலும் ஒன்றே.

மூன்று கணக்குகள்

எந்தக் கணக்கையும் தொடங்குவதற்கு முன்னர் நேரத்தை முழுவதும் செக்கனாக மாற்றிக்கொள்ளுங்கள். 2:10 என்பது 130 செக்கன். 8:40 என்பது 520 செக்கன். இந்த ஒரு படியைத் தவிர்த்து, 2:10 ஐக் கணிப்பானில் 2.10 என்று தட்டுவதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன. 2.10 நிமிடம் என்பது 2 நிமிடம் 6 செக்கன், 2.5 நிமிடம் என்பது 2:30. எக்செல் போன்ற அட்டவணையில் பதிவு வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே 2:10 என்று மட்டும் தட்டினால் அது 2 மணி 10 நிமிடமாகப் பதியும், 0:02:10 என்று முழுமையாகத் தட்டுங்கள்.

முதற் கணக்கு, தூரமும் நேரமும் தெரிந்திருக்கும்போது பேஸைக் காண்பது. எடுத்த செக்கன்களை 500 ஆல் பெருக்கி, கடந்த மீற்றர்களால் வகுக்க வேண்டும். 2000 மீற்றரை 8:40 இல் முடித்தவருக்கு 520 ஐ 500 ஆல் பெருக்கி 2000 ஆல் வகுத்தால் 130 செக்கன், அதாவது 2:10 வருகிறது. 2000 மீற்றருக்கு நேரத்தை நான்கால் வகுத்தாலே போதும். 5000 மீற்றருக்குப் பத்தால், 10,000 மீற்றருக்கு இருபதால். தூரம் 500 இன் மடங்காக அமையாதபோதுதான் சூத்திரம் தேவைப்படுகிறது: 20 நிமிடத்தில் 4350 மீற்றர் இழுத்தவரின் பேஸ், 1200 ஐ 500 ஆல் பெருக்கி 4350 ஆல் வகுக்க வரும் 137.9 செக்கன், அதாவது 2:17.9.

இரண்டாவது, பேஸ் தெரிந்திருக்க, ஒரு தூரத்தை முடிக்க ஆகும் நேரத்தைக் காண்பது. பேஸைத் தூரத்தால் பெருக்கி 500 ஆல் வகுக்க வேண்டும். 5000 மீற்றரை 2:18 இல் இழுக்க எண்ணினால், 138 ஐப் பத்தால் பெருக்கினால் 1380 செக்கன். சரியாக 23 நிமிடம்.

மூன்றாவது, நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பது. செக்கன்களை 500 ஆல் பெருக்கிப் பேஸால் வகுக்க வேண்டும். அரை மணி நேரத்தை 2:24 இல் இழுத்தால் 9,00,000 ஐ 144 ஆல் வகுக்க 6250 மீற்றர் வருகிறது. வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரில் அறிய விரும்பினால் 1800 ஐப் பேஸின் செக்கன்களால் வகுத்தால் போதும்: 2:00 என்பது மணிக்கு 15 கிலோமீற்றர், 2:30 என்பது 12 கிலோமீற்றர்.

பழகிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: 2018 இல் அவுஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2000 மீற்றரை 5:35.8 இல் முடித்து அப்போதைய உலக சாதனையை ஏற்படுத்தினார். அது 335.8 செக்கன், நான்கால் வகுத்தால் 83.95. அதாவது 500 மீற்றருக்கு 1:24 என்ற பேஸை நான்கு தடவை தொடர்ந்து வைத்திருக்கிறார். முழுப் பலத்தோடு ஒரே ஒரு இழுப்பை இழுத்துத் திரையைப் பாருங்கள். அந்த ஓர் இழுப்பிலாவது 1:24 தெரிகிறதா என்று பார்த்தாலே இதன் கனம் புரியும்.

சராசரியில் உள்ள பொறி

10 நிமிடம் 2:00 பேஸிலும் அடுத்த 10 நிமிடம் 3:00 பேஸிலும் இழுத்த ஒருவரின் சராசரிப் பேஸ் என்ன? 2:30 என்றே வாய் முந்திக்கொண்டு சொல்லும். கணக்குப் போட்டால் அப்படி வராது. முதல் 10 நிமிடத்தில் அவர் 2500 மீற்றரும், அடுத்த 10 நிமிடத்தில் 1667 மீற்றரும் போயிருப்பார். மொத்தம் 4167 மீற்றர், 1200 செக்கன். ஆகவே பேஸ் 2:24. அதே நபர் 1000 மீற்றரை 2:00 இலும் இன்னொரு 1000 மீற்றரை 3:00 இலும் இழுத்திருந்தால் 240 உம் 360 உம் சேர்ந்து 600 செக்கன். அப்போதுதான் சராசரி சரியாக 2:30.

பகுதிகள் தூரத்தால் சமமாக இருந்தால் பேஸ்களைக் கூட்டி வகுக்கலாம். நேரத்தால் சமமாக இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது. ஐயம் வரும்போது மொத்த நேரத்தையும் மொத்தத் தூரத்தையும் எடுத்து முதற் கணக்கைப் போடுவதே பாதுகாப்பான வழி. இடைவேளை விட்டுப் பயிற்சி செய்பவர்கள், ஓய்வெடுத்த நேரத்தையும் ஓய்வின்போது மெதுவாக இழுத்த மீற்றர்களையும் இந்தக் கூட்டலில் சேர்க்காமல் விட வேண்டும். தூரத்தை முன்கூட்டியே பதிந்து தொடங்கிவிட்டு நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் கடிகாரம் நிற்காது. அந்த நேரமும் சராசரியில் ஏறிவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

திரையில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் அந்தக் கணத்தின் பேஸ். ஒவ்வோர் இழுப்புக்கும் அது 2:08, 2:12, 2:09 என்று துள்ளிக்கொண்டே இருக்கும்; நன்கு பழகியவருக்கும் ஓரிரு செக்கன் ஆடும். அதைத் துரத்தி ஒவ்வோர் இழுப்பையும் திருத்த முயல்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார். பார்க்க வேண்டியது சராசரிப் பேஸ். காட்சியை மாற்றும் பொத்தானை அழுத்தினால் அது கிடைக்கும். ஆனால் பயிற்சியின் கடைசிப் பகுதியில் சராசரி அசைவதே அரிது என்பதால், அப்போது கணப் பேஸுக்குத் திரும்புவது நல்லது. முதல் 500 மீற்றரில் கணப் பேஸ், நடுவில் சராசரி, கடைசியில் மறுபடி கணப் பேஸ் என்பதே என் பரிந்துரை.

ஐந்து செக்கன் எல்லா இடத்திலும் ஒரே விலை அல்ல

2:40 இலிருந்து 2:35 க்கு வந்த ஒருவர், அதே முயற்சியைக் கூட்டினால் 2:00 இலிருந்து 1:55 க்கும் வந்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. இரண்டும் ஐந்து செக்கன்தானே. ஆனால் இந்த இயந்திரம் காற்றை எதிர்த்துச் சுழலும் விசிறிச் சில்லால் இயங்குகிறது. காற்றின் தடையை வெல்லத் தேவையான வலு, வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால் வலுவை ஏறத்தாழ 33 சதவீதம் கூட்ட வேண்டும். பேஸைப் பற்றி ஒரேயொரு விடயத்தை மட்டும் தெரிந்துகொள்ள நேரமிருந்தால், இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொழும்பு ஜிம்களில் காணப்படும் காற்றுச் சில்லு மெஷின்களில் கொன்செப்ட் 2 பரவலாக அறியப்பட்டது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1981 இல் தங்கள் முதல் றோயிங் மெஷினை வெளியிட்டார்கள். இந்த நிறுவனத்தின் மொனிற்றர், அதாவது மெஷினின் திரைக் கருவி, பேஸையும் வலுவையும் இணைக்கும் சூத்திரம் வெளிப்படையானது: ஒரு மீற்றருக்கு எத்தனை செக்கன் என்று கண்டு, அந்த எண்ணின் கனத்தைக் கண்டு (அதை மூன்று தடவை எழுதிப் பெருக்கி), 2.80 ஐ அதனால் வகுத்தால் வலு வாட்டில் கிடைக்கும்.

2:00 க்கு இதைச் செய்து பார்ப்போம். 120 செக்கனை 500 ஆல் வகுத்தால் 0.24. அதன் கனம் 0.013824. 2.80 ஐ அதனால் வகுத்தால் 202.5 வாட். இப்படி 15 செக்கன் இடைவெளியில் கணக்கிட்டால் கிடைப்பவை:

3:00 – 60 வாட்
2:45 – 78 வாட்
2:30 – 104 வாட்
2:15 – 142 வாட்
2:00 – 203 வாட்
1:45 – 302 வாட்
1:30 – 480 வாட்

முதல் 15 செக்கனைக் குறைக்க 18 வாட் போதுமாக இருந்தது. 2:15 இலிருந்து 2:00 க்கு வர ஏறத்தாழ 60 வாட் வேண்டும். 1:45 இலிருந்து 1:30 க்குப் போக 178 வாட். தொடக்கத்தில் கிழமைக்கு ஐந்து செக்கன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தவர், சில மாதங்களில் ஒரு செக்கனுக்கே போராட வேண்டியிருப்பதைக் கண்டு மனம் சோர்வதுண்டு. அவர் தன் பதிவுகளை வாட்டில் மாற்றிப் பார்த்தால், முன்னேற்றம் நின்றுவிடவில்லை, செக்கன்தான் விலை ஏறியிருக்கிறது என்பது தெரியும்.

வலுவிலிருந்து பேஸுக்குத் திரும்பவும் இதே சூத்திரம் உதவும். 2.80 ஐ வாட்டால் வகுத்து, விடையின் கனமூலத்தைக் கண்டு, 500 ஆல் பெருக்க வேண்டும். 150 வாட்டுக்கு 2.80 ஐ 150 ஆல் வகுத்தால் 0.01867, கனமூலம் 0.2653; 500 ஆல் பெருக்கினால் 132.6 செக்கன், அதாவது 2:12.6. பல கைத்தொலைபேசிகளில் கணிப்பானைத் திறந்து போனைக் கிடையாகத் திருப்பினால் கனமூலப் பொத்தான் தோன்றும். மெஷினின் திரையிலேயே அலகை மாற்றும் பொத்தானை அழுத்தி மீற்றர், வாட், கலோரி என்று மாறி மாறிப் பார்க்கவும் முடியும்.

பயிற்சிக்கான பேஸைத் தெரிவது

இலகுவான பயிற்சி, நடுத்தரப் பயிற்சி என்று திட்டம் போடுபவர்கள் பேஸைச் சதவீதத்தில் கூட்டிக் குறைப்பது வழக்கம். அது சரியாக வராது. மேலே சொன்ன காரணத்தால், சதவீதத்தை வலுவில்தான் எடுக்க வேண்டும். நல்லவேளையாக, ஒவ்வொரு தடவையும் கனமூலம் காண வேண்டியதில்லை. உங்கள் சிறந்த 2000 மீற்றர்ப் பேஸை, அந்த வலுவின் 80 சதவீதத்துக்கு 1.077 ஆலும், 70 சதவீதத்துக்கு 1.126 ஆலும், 60 சதவீதத்துக்கு 1.186 ஆலும், 50 சதவீதத்துக்கு 1.26 ஆலும் பெருக்கினால் போதும்.

2000 மீற்றரை 2:10 பேஸில் முடிப்பவர் வைத்திருப்பது 159 வாட். அவர் 60 சதவீதத்தில் நீண்ட பயிற்சி செய்ய விரும்பினால், 130 ஐ 1.186 ஆல் பெருக்கினால் 154 செக்கன், அதாவது 2:34. பலர் இந்த எண்ணைப் பார்த்ததும் "இவ்வளவு மெதுவாகவா?" என்று கேட்பார்கள். ஆம், இவ்வளவு மெதுவாகத்தான். அரை மணி, முக்கால் மணி இழுக்கும் பயிற்சியின் பெரும்பகுதி, பேசிக்கொண்டே இழுக்கக்கூடிய பேஸில் அமைவதே நல்லது.

இன்னும் 2000 மீற்றர் இழுத்துப் பார்க்காதவர், வேறு தூரத்தின் பேஸிலிருந்து மதிப்பிடலாம். தூரம் இரட்டிப்பானால் பேஸ் ஏறத்தாழ 5 செக்கன் கூடும் என்பது றோயிங் மெஷின் பயில்வோரிடையே புழங்கும் ஒரு தோராய விதி. அதன்படி 5000 மீற்றரை 2:20 பேஸில் முடித்தவர் 2000 மீற்றரை ஏறத்தாழ 2:13 பேஸில் முடிக்கலாம்; 2000 மீற்றரில் 2:10 எடுத்தவருக்கு 10,000 மீற்றர் 2:22 அளவில் அமையும். குறுந்தூர ஓட்டக்காரர் போன்ற உடல்வாகு உள்ளவர்களுக்கு இடைவெளி 5 செக்கனை விடக் கூடும். நீண்டதூர உடல்வாகினருக்குக் குறையும். திட்டத்தின் முதல் வரைவை எழுத இது போதும், அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

கொழும்பில் இருப்பவர்கள் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரூட்டி இல்லாத அறையில், ஈரப்பதன் மிகுந்த காற்றில், வியர்வை உலராமல் உடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே 2:34 ஐ வைத்திருந்தாலும் இதயத் துடிப்பு நேரம் போகப் போக ஏறிக்கொண்டே போகும். இலகுவான பயிற்சி நாளில் பேஸை விட்டுக்கொடுத்து இதயத் துடிப்பைக் காப்பதே அறிவு; 2:34 க்குப் பதில் 2:38 ஆனால் பயிற்சி கெட்டுவிடாது. சோதனை நாளை மட்டும் காலை நேரத்திலோ குளிரூட்டி உள்ள இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு நற்செய்தி: இந்த மொனிற்றர் மின்கலத்தாலும் சில்லின் சுழற்சியாலும் இயங்குவதால், அறை இருண்டு மின்விசிறி நின்றாலும் உங்கள் மீற்றர்கள் அழியாது.

2000 மீற்றரைப் பங்கிடுவது

8:40 ஐ இலக்காக வைத்தவர் முதல் 1000 மீற்றரை 2:00 இலும் அடுத்த 1000 மீற்றரை 2:20 இலும் இழுத்தாலும், முழுவதையும் 2:10 இல் இழுத்தாலும் முடியும் நேரம் ஒன்றே. செலவு ஒன்றல்ல. சமமாக இழுத்தவர் 159 வாட்டை 520 செக்கன் வைத்திருந்து 82.8 கிலோயூல் செலவழிக்கிறார்; முன்னால் பாய்ந்தவர் 84.3 கிலோயூல் செலவழிக்கிறார். வேறுபாடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவுதானே என்று தோன்றலாம். உண்மையான விலை அங்கே இல்லை: முதல் நான்கு நிமிடமும் 203 வாட்டில் இழுத்த கால்கள், இரண்டாம் பாதியில் 2:20 ஐக்கூட வைத்திருக்க மறுக்கும், காகிதத்தில் 8:40 ஆக இருந்தது திரையில் 9 நிமிடத்தைத் தாண்டும்.

ஆகவே தொடக்கத்தில் சில்லைச் சுழலவிடச் சில வேகமான இழுப்புகளை இழுத்துவிட்டு, உடனே இலக்கை விட ஒரு செக்கன் மெதுவாக, 2:11 இல் அமர்ந்துவிடுங்கள். தொடக்க உற்சாகத்தில் 1:58 மிக இலகுவாகத் தோன்றும், அதை நம்பாதீர்கள். மூன்று 500 மீற்றர்களை 2:11 இல் முடித்தால் 393 செக்கன் போயிருக்கும். 520 இலிருந்து கழித்தால் கடைசி 500 மீற்றருக்கு 127 செக்கன், அதாவது 2:07 மீதம். 156 வாட்டிலிருந்து 171 வாட்டுக்கு ஏற வேண்டும். கடுமையானதுதான்; ஆனால் முடிவு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பெரும்பாலானவர்களால் செய்யக்கூடியது.

டாம்பர், காற்று, இழுப்பு வீதம்

சில்லின் பக்கத்தில் 1 முதல் 10 வரை இலக்கமிட்ட டாம்பர் நெம்பைப் பத்துக்குத் தள்ளினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை ஜிம்களில் பரவலாக இருக்கிறது. டாம்பர் சில்லுக்குள் போகும் காற்றின் அளவை மாற்றுகிறது. சைக்கிளின் கியரைப் போல, இழுப்பின் உணர்வை மாற்றுமே தவிர வலுவை இலவசமாகத் தராது. ஒவ்வோர் இழுப்புக்கும் பின்னர் நீங்கள் முன்னோக்கித் திரும்பும் வேளையில் சில்லு எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை மொனிற்றர் அளந்து, டிராக் ஃபக்டர் என்ற எண்ணாக மாற்றி, அதைக் கொண்டே உங்கள் வலுவையும் பேஸையும் கணக்கிடுகிறது. அதனால்தான் ஒரு மெஷினில் எடுத்த 2:10 ஐ இன்னொரு மெஷினில் எடுத்த 2:10 உடன் ஒப்பிட முடிகிறது.

டாம்பரின் இலக்கத்தை நம்பாமல் டிராக் ஃபக்டரைப் பாருங்கள். மொனிற்றரின் கூடுதல் தெரிவுகளுக்குள் அது இருக்கிறது. 100 முதல் 130 வரை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். புதிய மெஷினில் இது டாம்பர் 3 முதல் 5 வரையிலான நிலையில் கிடைக்கும். பழைய மெஷினில் கதை வேறு. சில்லைச் சூழ்ந்த கம்பிவலையைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்: பஞ்சும் வீதித் தூசியும் சாம்பல் நிறப் படலமாக ஒட்டியிருப்பது தெரியும். காற்றுப் போகும் வழி அடைபட்டதால், அங்கே டாம்பரை 7 இல் வைத்தாலும் டிராக் 105 ஐத் தாண்டாமல் இருக்கக்கூடும். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் நம் ஊரில் டிராக் சற்றுக் குறைவாகவே இருக்கும். மொனிற்றர் அதையும் ஈடுசெய்துவிடுகிறது.

இழுப்பு வீதம் என்பது நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பது. பேஸோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. 30,000 ஐப் பேஸின் செக்கன்களாலும் இழுப்பு வீதத்தாலும் வகுத்தால் ஓர் இழுப்புக்கு எத்தனை மீற்றர் என்று வரும். 2:24 பேஸை 22 இழுப்பில் வைத்திருப்பவர் இழுப்புக்கு 9.5 மீற்றர் போகிறார். 28 இழுப்பில் வைத்திருப்பவர் 7.4 மீற்றர். பின்னவர் பெரும்பாலும் கால்களால் தள்ளாமல் கைகளால் அவசரப்படுகிறார். பேஸ் மாறாமல் இழுப்பு வீதத்தைக் குறைக்கப் பழகுவது நல்ல பயிற்சி.

ஒப்பிடும்போது

உடல் எடை கூடியவருக்கு இந்த மெஷினில் இயல்பாகவே ஓர் அனுகூலம் உண்டு. படகில் அந்த எடையைத் தண்ணீர் சுமக்க வேண்டும், இங்கே தரை சுமக்கிறது. இதைச் சமன்செய்யக் கொன்செப்ட் 2 ஒரு திருத்தத்தைத் தருகிறது: எடையை இறாத்தலில் எடுத்து 270 ஆல் வகுத்து, விடையை 0.222 என்ற அடுக்குக்கு உயர்த்தி, வரும் எண்ணால் நேரத்தைப் பெருக்க வேண்டும். 65 கிலோ உள்ளவருக்கு அது 0.869, 90 கிலோ உள்ளவருக்கு 0.934. முதலாமவரின் 8:40 திருத்தப்பட்டு 7:32 ஆகிறது. இரண்டாமவரின் 8:20 திருத்தப்பட்டு 7:47 ஆகிறது. அண்ணன் தம்பி இருவருக்குள் போட்டி என்றால் இதைப் போட்டுப் பார்த்துவிட்டே வெற்றியாளரை அறிவியுங்கள்.

கலோரி எண்ணை நான் பார்ப்பதில்லை. மொனிற்றர் வாட்டை 3.44 ஆல் பெருக்கி 300 ஐக் கூட்டி ஒரு மணி நேரக் கலோரியைத் தருகிறது. இது 79 கிலோ எடையுள்ள ஒருவரை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு. 2:30 பேஸுக்கு 657 வரும். 60 கிலோ உள்ளவர், அந்த 300 க்குப் பதிலாகத் தன் எடையை 3.78 ஆல் பெருக்கி வரும் 227 ஐக் கூட்டினால் 584 தான். பேஸில் இத்தகைய ஊகம் எதுவும் கலக்கவில்லை.

இவை அனைத்தும் சில்லின் வேகத்தை அளந்து வலுவைக் கணக்கிடும் மெஷின்களுக்கே பொருந்தும். வீட்டுக்கென வாங்கப்படும் காந்தத் தடை மெஷின்கள் சிலவற்றில், தடை நிலையைக் கருதாமல், பட்டி சுற்றும் உருளையின் சுற்றுகளை எண்ணியே மீற்றர் போடப்படுகிறது. உங்களுடையது எத்தகையது என்று அறிய, தடையை மிகக் குறைந்த நிலையில் வைத்து இரண்டு நிமிடம் இழுங்கள். பின்னர் அதிக நிலையில் வைத்து அதே இழுப்பு வீதத்தில், அதே நீளத்துக்கு இரண்டு நிமிடம் இழுங்கள். பாடு பல மடங்கு கூடியும் பேஸ் அசையவில்லையென்றால், அந்தத் திரை உங்கள் வலுவை அளக்கவில்லை. அந்த மெஷினின் பேஸை ஜிம் மெஷினின் பேஸோடு ஒப்பிட வேண்டாம். ஒரே தடை நிலையில் எடுத்த உங்கள் பழைய பேஸ்களோடு மட்டும் ஒப்பிட்டு, பதிவேட்டில் பேஸுக்குப் பக்கத்தில் அந்த நிலையின் இலக்கத்தையும் இழுப்பு வீதத்தையும் எழுதி வையுங்கள்.